ஒன்றை அழுத்தவும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். என் தங்கை இருக்கும் வீட்டில் நலமில்லாமல் இருக்க யாருக்கும் அனுமதி கிடையாது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். என் ஆபீஸில் இப்போது இரண்டு போன் ஏற்பாடுகள். இரண்டும் நான் பேசுவதைப் பதிவு செய்கின்றன. ஒன்றை மகன் கேட்கிறான், மற்றதை மகள் கேட்கிறாள். மனிதன் எங்கே போய்ப் புலம்புவது?

நம்முடையது லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி. உள்ளே மாட்டிக்கொண்டவன் கூப்பிட்டால் எடுக்க வேண்டும், தொழில் அவ்வளவுதான். பழைய போன் படுத்துவிட்டது. வாடகைக்கு எடுப்போம், எந்திரமெல்லாம் போன்காரர்கள் இடத்திலேயே இருக்கும், இன்டர்நெட் வழியாக லைன் வரும், மாதாமாதம் கட்டினால் போதும் என்கிறான் மகன். லைன்களை இணைக்கிற எந்திரப் பெட்டியைச் சொந்தமாக வாங்கி நம் ஸ்டோர் ரூமில் வைப்போம், நம் பொருள் நம் கையில் என்கிறாள் மகள். ரெண்டையும் வைத்துப் பார்க்கலாம் என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

இன்டர்நெட் போனால் மகனுடையது ஊமை. கரண்ட் போனால் மகளுடையது பிணம். போதாததற்குப் பெட்டி சூடாகக் கூடாதாம். அதற்கு ஏசி, எனக்குக் கிறீச்சிடும் காத்தாடி. ஒன்று கெட்டால் மற்றவர் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு ரெண்டும் பேசிக்கொள்வதில்லை. "அப்பா, உங்க பிள்ளைகிட்ட அந்த ஸ்க்ரூடிரைவரைக் கேளுங்க" என்கிறாள். அது அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. "ஆளுக்குப் பாதி பிரிச்சுக் குடுத்துடுங்கப்பா" என்று நேற்று மகன் சொன்னான். கம்பெனியைச் சொல்கிறான், மாப்பிள்ளை. இதை எழுதுவதற்குள் எத்தனையோ தடவை எழுந்து போய் இரண்டு போனையும் காதில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

சண்டைக்கு முன்னால் இரண்டு பேரும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அந்தப் பதிவுக் குரல். "லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தால் ஒன்றை அழுத்தவும்." மாட்டிக்கொண்டவன் எதை அழுத்துவான்? ஒரு பல் டாக்டர், பாவம், லிஃப்ட் சுவரில் இருக்கும் ஒன்றாம் மாடிப் பொத்தானைக் குத்திக்கொண்டே, "அழுத்திட்டேன், அழுத்திட்டேன்" என்று கத்தியது அப்படியே பதிவாகியிருக்கிறது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இன்று காலை நம் கட்டட லிஃப்ட்டில் நானே மாட்டிக்கொண்டேன். நம் எண்ணுக்கே போட்டேன். மகளின் குரல் ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன், சுவரில். மகனுடைய வாடகை போன் எண்ணுக்குப் போட்டேன், அதிலும் அதே குரல். மறுபடியும் சுவரில். கடைசியில் கதவைத் தட்டிக் கத்தியதும் ரெண்டும் ஓடி வந்தன. "டேய், சாவியைக் குடு." "நீ கதவைப் பிடிச்சுக்கோக்கா, நான் தூக்குறேன்." இருட்டுக்குள் இதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்ததும் அடுத்த சண்டை. "உன் வாடகை போனே இருக்கட்டும்டா." "இல்லக்கா, உன் பெட்டியே இருக்கட்டும்." விட்டுக்கொடுப்பதிலும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்துதான் தீர்த்துவைக்க வேண்டும்.

தங்கைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. ஏறுகிறவர்கள் எல்லோரும் நினைத்த மாடியில் இறங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். வாடகை போன் இருக்கும், அது படுத்தால் பெட்டி எடுக்கும். பதிவுக் குரல் கிடையாது, நேராக மணி அடிக்கும். இன்னொன்று, தங்கையிடம்கூடச் சொல்லிவிடாதீர்கள்: லிஃப்ட் தானாக நிற்கவில்லை. இத்தனை வருஷமாக இதே வேலை பார்க்கிறவனுக்கு எந்த ஸ்விட்ச்சைத் தட்டினால் நிற்கும் என்று தெரியாதா? ஆனால் சுவரில் ஒன்றை அழுத்தினேனே, அது மட்டும் நிஜம்.