நான் இந்தியாவை ஜெயிக்க வைத்த மாலை

தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. கருவி தப்பு செய்யும், நாம் செய்யமாட்டோம் என்று. எனக்கு அது திருவனந்தபுரத்தில் ஒரே மாலையில் இறங்கியது.

பாலிடெக்னிக் முடித்து, மின்னணுப் பலகைகள் செய்யும் சிறு நிறுவனமொன்றில் பயிற்சியில் இருந்தேன். நகரத்தில் நடந்த சர்வதேசப் பெண்கள் வாலிபால் போட்டிக்கு ஸ்கோர் பலகை எங்களுடையது. "இது நல்லா கழிஞ்சா ஜோலி உறப்பு, மோளே" என்றார் மேலாளர் சுனிதா மேடம். இது நல்லபடியாக முடிந்தால் வேலை நிச்சயம் என்று அர்த்தம். ஃபியூஸ், டேப், டார்ச், மாற்று வயர் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக டிக் அடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஸ்கோர் போடுவது எனக்குப் புதிதல்ல. பாறசாலையைத் தாண்டி, எல்லையிலேயே இருக்கும் எங்கள் மைதானத்தில் பள்ளி நாளிலிருந்து போட்டவள். (கரும்பலகை, சுண்ணாம்புக் கட்டி. மின்வெட்டு பாதிக்காத கருவி.) அங்கே வலைக்கு வடக்கே கேரளம், தெற்கே தமிழ்நாடு. எல்லைப் போராட்ட வருடங்களின் முடிவில் கோடு விழுந்தபோது, எங்கள் பக்கத்தை விடமாட்டோம் என்று இரு தரப்பும் வீம்பு பிடித்தார்களாம். செட் முடிந்தாலும் அணிகள் பக்கம் மாறுவதில்லை. பிறகு பெண் கொடுத்து, பெண் எடுத்து, வீம்பெல்லாம் போய்விட்டது. வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. செட்டுக்குச் செட் பக்கம் மாற வேண்டும் என்ற உண்மையான விதியைப் புத்தகத்தில் படித்திருந்தேன்தான். ஆனால் கை புத்தகம் படிப்பதில்லையே.

முதல் செட்டில் இந்தியா இடப்பக்கம். இடப்பக்கம் புள்ளி எடுத்தால் இடது பொத்தான். பலகையில் 'இந்தியா' ஏறும். செட்டை இந்தியா தோற்றது. அணிகள் பக்கம் மாறின. என் விரல்கள் மாறவில்லை.

இரண்டாவது செட்டில் எதிரணி அடிக்க அடிக்க இந்தியாவின் கணக்கு ஏறியது. அரங்கம் அலறியது. எதிரணித் தலைவி என்னைப் பார்த்துக் கைகளை ஆட்டினாள். என்ன நட்பான பெண் என்று நானும் கையாட்டினேன்.

கீழ் வரிசையில் என் தங்கராஜ் மாமன். ஊர் மைதானத்தில் மைக் பிடிப்பவர். என் பெருமையைப் பார்க்க, எங்கள் ஊர்ப்பக்கமான கொல்லயிலிலிருந்து வேன் நிறைய ஆள் கூட்டி வந்திருந்தார். பக்கத்திலிருந்த அப்பாவுக்குச் சந்தேகம்.

"மச்சான், அவளுவ அடிச்சதுக்கு நமக்கு எப்பிடி பாயின்ட்?"

"சும்மா இரியும். அதாக்கும் இன்டர்நேஷனல் ரூல்."

நடுவர் விசில் ஊதினார். அரங்கம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பலகைக்குப் பின்னால் ஓடி, இடது வலது வயர்களை மாற்றிச் செருகினேன். அதே நேரம் முன்னால் சுனிதா மேடம் பெயர்ப் பட்டைகளை மாற்றி மாட்டிவிட்டார். இருவரும் திருத்தியதால் தப்பு பத்திரமாகப் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. எதிரணி எடுத்த அடுத்த புள்ளியும் இந்தியாவுக்கே போனது. இரண்டாவது விசில்.

சரியான கணக்கு ஏறியபோது, ஜெயித்துக்கொண்டிருந்த இந்தியா ஒரே நொடியில் படுதோல்வியில் இருந்தது. அரங்கம் என்னைப் பார்த்து 'ஊ' என்றது. அதில் மாமனின் குரல் தனியாகக் கேட்டது. "எவம்லே 'ஊ'ங்கியது? எங்க பிள்ளையாக்கும்!"

வேலை போகவில்லை. பயிற்சிக் காலம் நீண்டது. பலகையில் 'பக்கம் மாற்று' என்று ஒரு பொத்தான் வைப்பதுதான் எனக்குக் கொடுத்த முதல் வேலை. வைத்தேன். சிவப்பாக, தேங்காய்ச் சில் அளவுக்கு.

இன்றும் எங்கள் வீட்டில் மீன்குழம்பில் உப்பு இரட்டித்தாலும், கோழிக்கூட்டுக்குள் பூனை படுத்திருந்தாலும், யாராவது ஒருவர் சொல்வார்: "அதாக்கும் இன்டர்நேஷனல் ரூல்."

அடுத்த கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊர் மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் முதல் செட் முடிந்ததும் மாமன் மைக்கில் அறிவித்தார். "இனி பக்கம் மாறணும். எங்க ஷைனி உலகத்துக்கே படிச்சுக் குடுத்த ரூலாக்கும்!" ஆட்டக்காரர்கள் தயங்கித் தயங்கி வலையைக் கடந்தார்கள். நான் கரும்பலகையில் பெயர்களைக் கவனமாக மாற்றி எழுதினேன்.

திரும்பிப் பார்த்தால், பார்க்க வந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். தம் அணி எங்கேயோ அங்கேதானே உட்கார வேண்டும்! பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கேரளம் தெற்கேயும் தமிழ்நாடு வடக்கேயும் நடந்தன. நடுவில், வலைக்கம்பத்தின் அருகே, இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. கூட்டத்திலிருந்து ஒரு குரல்:

"எலே, கொஞ்சம் ஒதுங்கு மக்கா, நாங்க அந்தப் பக்கம் போவண்டாமா?"