மருந்து அன்ரியின் பிஸ்டல்

கனடாவின் ஸ்காபரோவைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் மருந்து அன்ரியைப் போலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட இன்னொருவர் கீழே விழமாட்டார். ஒரு வாகனமும் இல்லாத தெருவில், பனி கொட்டும்போதுகூட, கடப்பதற்கான வெள்ளை விளக்கு எரியும்வரை அசையாமல் நிற்பார். தலையில் இரண்டு அங்குலப் பனி சேர்ந்தபின்தான் கடப்பார். அப்படிப்பட்டவரைக் கண்டுதான் எங்கள் மல்வேர்ன் பகுதியில் பாதிச் சனம் வீதியின் மறுபக்கம் மாறியது. காரணம், அன்ரியிடம் பிஸ்டல் இருந்தது. அதற்கான தோட்டாக்களையும் வீட்டு நிலவறையில் அவரே தயாரித்தார்.

உடனே கதவைப் பூட்டாதீர்கள். எல்லாம் லைசென்ஸோடுதான். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி, கழுவி, அளந்து, புது வெடிமருந்தும் சன்னமும் வைத்து அழுத்தினால் அது மறுபடி தோட்டா. சிலர் பின்வளவில் தக்காளி வளர்க்கிறார்கள். அன்ரி இதைச் செய்தார். அந்த வெடிமருந்தை அவர் வாய் நிறைய 'மருந்து' என்பார். அந்த ஒற்றைச் சொல் அவரைப் படுத்திய பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

பல்கலைக்கழகம் முடித்து முதல் வேலையில் சேர்ந்தபோது அவர் வீட்டு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். மற்ற வீடுகளில் மச்சம் மாமிசம் சாப்பிடுவேனா, போய்ஃபிரெண்ட் இருக்கிறானா என்றெல்லாம் விசாரணை. அன்ரி கேட்டது ஒன்றே ஒன்று.

"மில்லிமீற்றரோ, இஞ்சோ?"

"ரெண்டும் தெரியும், அன்ரி."

"அறை உமக்குத்தான்."

விமானப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். பிழையான பாகத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது வேலை. பிரச்சினை என்னவென்றால், ஸ்டிக்கரும் அளவுகோலும் வேலை முடிந்ததும் கைப்பையில் ஏறி அவரோடு வீட்டுக்கு வந்துவிடும். ஒருநாள் சாப்பாட்டுக் கடையில் வரிசை முழுவதையும் நிறுத்திவைத்து வடையை அளந்தார்.

"போன கிழமை அறுவத்திரண்டு மில்லிமீற்றர். இண்டைக்கு அம்பத்தெட்டு. ஏன் தம்பி?"

"அன்ரி, உது வடை. பிளேன் இல்லை."

"பிளேனில நாலு மில்லிமீற்றர் குறைஞ்சா நீர் ஏறுவீரோ?"

அன்று முதல் அவருக்கு மட்டும் ஒரு வடை கூடுதலாக விழுந்தது.

சனிக்கிழமைகளில் நகருக்கு வடக்கே உள்ள சுடும் கழகத்துக்குப் போவார். பூட்டிய பெட்டிக்குள் பிஸ்டல், அதற்கு இன்னொரு பூட்டு, வழியில் ஒரு கோப்பிக்குக்கூட நிற்கமாட்டார். பஞ்சாபி உடையின் ஷோலைக் கழுத்தைச் சுற்றி ஊசி குத்தி இறுக்கியிருப்பார். சூடான கோது பறந்துவந்து சட்டைக்குள் விழுந்தால் ஆடவேண்டிய ஆட்டத்தை ஒருமுறை ஆடிப் பார்த்தவர் அவர். எல்லோரும் சுட்டு முடிந்ததும், கல்யாணப் பந்தியில் இலை எடுப்பவரைப் போலக் குனிந்து குனிந்து மற்றவர்கள் விட்டுப்போன கோதுகளையும் வாளியில் அள்ளுவார். வாட்டசாட்டமான வெள்ளைக்காரர்கள் தங்கள் கோதுகளை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்து பயபக்தியோடு சமர்ப்பிப்பார்கள்.

உண்மையை மறைக்கக்கூடாது. அன்ரி செய்த தோட்டா ஒவ்வொன்றும் தங்கம். சுடுவதுதான் சுமார். ஒருமுறை கூடப் போனபோது கேட்டேன்.

"குறி தப்பிட்டுதே, அன்ரி?"

"தோட்டா நேராத்தான் போனது. குறிப் பேப்பரைப் பிழையான இடத்தில குத்தியிருக்கிறாங்கள்."

அந்த வருடம் வெடிமருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. வேலைக்குப் போகும் பஸ்ஸில் அன்ரி கழகத்து நண்பர் ஒருவருக்கு, அவரும் தமிழர்தான், தொலைபேசியில் அழாக்குறையாகச் சொல்லியிருக்கிறார்: "மருந்து முடிஞ்சுது அண்ணை. ஒரு இடமும் இல்லையாம். அமெரிக்காவிலயும் இல்லையாம். இருக்கிறதை வச்சு இன்னும் ஒரு மாசம்தான் ஓடும்."

பின் இருக்கையில் செபக் கூட்டத் தலைவி ரீற்றா அன்ரி இருந்தார்.

ஞாயிறு பிற்பகல் ரீற்றா அன்ரி தலைமையில் ஐந்து பெண்கள் செபமாலைகளோடும் ஒரு பெரிய பானை ஆட்டுக்கால் சூப்போடும் வாசலில் நின்றார்கள். மருந்து அன்ரி பாதுகாப்புக் கண்ணாடியும் ஏப்ரனுமாக நிலவறையிலிருந்து ஏறி வந்தார்.

"ஐயோ, கண்ணிலயோ வருத்தம்?" என்று நோய் விசாரித்தார் ரீற்றா அன்ரி.

"எனக்கென்ன வருத்தம்?"

"மறைக்காதையும் தங்கச்சி. மருந்து முடிஞ்சுதெண்டு பஸ்ஸில சொன்னதை என்ரை காதாலை கேட்டனான்."

"ஓ, அதோ! அது எனக்கில்லை. பிஸ்டலுக்கு."

ரீற்றா அன்ரி சூப் பானையின் மூடியை மெதுவாக மூடி, பானையைப் பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"துவக்குக்குப் பயந்தெல்லோ நாங்கள் ஊரில எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து நீர் அதையே வாங்கி வச்சிருக்கிறீரே?"

அன்ரி கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரல் உயரவில்லை.

"அங்க எல்லாரும் துவக்கோட நிண்டவங்கள், அக்கா. வெறுங்கையோட நிண்டது நான்தான். உன்ரை துவக்குக்கு லைசென்ஸ் இருக்கோ எண்டு ஒருத்தனிட்டையும் கேக்கேலாமப் போச்சு. இஞ்ச என்னட்டைக் கேக்கினம். கேக்கட்டும். சோதினை எழுதி, பாஸ் பண்ணி, வாங்கினனான். நான் சுடுறது பேப்பருக்கு. பேப்பருக்குத் தாய் தேப்பன் இல்லை."

படியிறங்கத் தொடங்கியவர்களைப் பார்த்து அன்ரி கடைசியாகச் சொன்னது: "சூப்பை வச்சிட்டுப் போங்கோவன்." வைக்கவில்லை.

பத்து நாளில் லைசென்ஸ் அலுவலகத்துக்கு ஒரு முறைப்பாடு போயிருந்தது. யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது. செபக் கூட்டத்திலிருந்து வாய் வாயாகப் போய், கடைசியில் யாரோ அதை ஆங்கிலமாக்கியிருக்கிறார்கள்: இந்தப் பெண்மணி தன் மருந்தை உட்கொள்வதை நிறுத்திவிட்டார், இவரிடம் துப்பாக்கி இருக்கிறது.

அன்ரியின் லைசென்ஸ் புதுப்பித்தலுக்குப் போயிருந்த நேரம் அது. மறுத்தால் பிஸ்டலை ஒப்படைக்க வேண்டும். பிறகு இன்னொன்று வாங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கைத்துப்பாக்கியை வாங்குவது, விற்பது, கைமாற்றுவது எல்லாவற்றையும் அரசாங்கம் அதற்கு முன்பே நிறுத்திவிட்டது. போனால் போனதுதான்.

விசாரணைக்குப் பொறுப்பான அதிகாரி, இங்கே பிறந்த தமிழ்ப் பொடியன். பெயர் டிலன். கூடக் குடியிருப்பவள் என்று என்னைத் தொலைபேசியில் அழைத்தான். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. என்மேல் மரியாதை வைத்து, அம்மாவிடம் கற்ற தமிழில் கேட்டான். நானோ இரண்டு பஸ்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன்.

"அவா மருந்து ஒழுங்கா எடுக்கிறாவா?"

"இடையில கிடைக்கேல்லை. இப்ப ஒரு போத்தல் வந்திட்டுது," என்றேன் உற்சாகமாக.

"ஒரு நாளைக்கு எத்தினை?"

"வேலை நாளில தொடமாட்டா. ஞாயிற்றுக்கிழமை ஒரே இருப்பில நூறு போடுவா."

மறுமுனையில் அவன் எதையோ எழுதும் சத்தம் கேட்டது.

"நூறா?"

"ஓம். ஆனா ஒவ்வொண்டையும் நிறுத்துத்தான் போடுறவா. கொஞ்சம் கூடினாலும் வெடிச்சிடும் எண்டு அவாக்குத் தெரியும்."

"டொக்டருக்குத் தெரியுமா?"

"டொக்டருக்கு ஏன் உதெல்லாம்?" என்றேன். பஸ் வந்துவிட்டது. வைத்துவிட்டேன். அன்ரிக்கு நல்ல சாட்சி சொன்ன பெருமிதத்தில் இருக்கைகூடத் தேடாமல் நின்றபடியே போனேன்.

மறுநாட் காலை டிலனும் ஒரு நெடிய வெள்ளைக்கார அதிகாரியும் வந்தார்கள். அன்ரி கதவைத் திறந்து முதலில் சொன்னது, "சப்பாத்தைக் கழட்டுங்கோ." சட்டத்தின் இரண்டு பிரதிநிதிகளும் காலுறையோடு நிலவறைக்கு இறங்கினார்கள்.

"அன்ரி, நீங்கள் எடுக்கிற மருந்தைக் காட்டுங்கோ," என்றான் டிலன், வருத்தக்காரரிடம் பேசும் மெல்லிய குரலில்.

அன்ரி பெட்டியைத் திறந்து போத்தலை மேசையில் வைத்தார். டிலன் லேபிளை வாசித்தான். மறுபடி வாசித்தான். காது நுனிவரை சிவந்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

நெடியவருக்கு விளக்கியபோது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டிலன் சிரிக்கவில்லை. உண்மையான கரிசனையோடுதான் சொன்னான்: "அன்ரி, பேசாம உந்தப் பிஸ்டலைக் குடுத்திடுங்கோவன். Honestly, ஆக்கள் பயப்பிடினம். உங்களுக்கு ஏன் இந்த headache?"

அன்ரி களைத்திருந்தார். அந்த இரண்டு கிழமைகளில் மாதா கோயிலில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன்.

"தம்பி, ஆக்கள் பயந்தா அது என்ரை பிழையில்லை. பூட்டைப் பாரும். பெட்டியைப் பாரும். எல்லாத்தையும் எண்ணும். பிழை இருந்தாப் பிழை எண்டு எழுதும். இல்லாட்டி இல்லை எண்டு எழுதும். பாவம் எண்டு மட்டும் எழுதாதையும்."

முழுதாக ஒன்றரை மணித்தியாலம் பார்த்தான். ஒரு பிழையும் இல்லை. கடைசியில் கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டினான். அன்ரி மூக்குக் கண்ணாடியைப் போட்டு வரி வரியாக வாசித்தார். பிஸ்டலின் தொடர் இலக்கத்தில் ஏழு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது.

கைப்பை திறந்தது. சிவப்பு ஸ்டிக்கர் வெளியே வந்தது. அரசாங்கப் படிவத்தின் நெற்றியில் சப்பென்று ஒட்டினார்.

"ரிஜெக்ட். திருத்திக்கொண்டு வாரும். அப்பிடியே மருந்துக்கு ரெண்டு கருத்து எண்டும் ஒரு வரி எழுதும். உம்மடை அம்மாட்டையும் கேட்டுப் பாரும்."

"ஸொறி, அன்ரி," என்றான் அதிகாரி, காலுறையோடு.

லைசென்ஸ் வந்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு அன்ரி அதை ரீற்றா அன்ரியின் முகத்துக்கு நேரே பிடித்து, படத்திலிருப்பது தான்தானா என்று பார்க்கச் சொன்னார். ரீற்றா அன்ரி பார்த்தார். பிறகு, "படத்தில வடிவாத்தான் இருக்கிறீர்," என்றார். சமாதானம் அந்த அளவில் ஏற்பட்டது. இருக்கையும் நிரம்பியது.

நான் யூனியன்வில்லுக்குக் குடிமாறிய அன்று சாமான்களை ஏற்றிவிட்டு, மனதில் கிடந்ததைக் கேட்டேன்: "உங்களுக்குப் பிறகு அந்தப் பிஸ்டல் என்னாகும், அன்ரி?"

"ஒருத்தருக்கும் குடுக்கேலாதாம். கொண்டுபோய் உருக்கிப்போடுவாங்களாம். அவங்களுக்கு அந்தச் சந்தோசத்தைக் குடுக்க நான் தயாரில்லை."

"அதுக்கு என்ன செய்யிறது?"

"நான் சாகிறேல்லை எண்டு முடிவெடுத்திட்டனடி பிள்ளை."

புளுகுவதை எங்கள் ஆட்கள் 'வெடி விடுவது' என்பார்கள். அன்ரி விட்ட வெடிகளில் இந்த ஒன்றை மட்டும் நான் அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறேன்.