கரண்ட் மட்டும் போகாமல் இருந்திருந்தால்

‘அந்தக் காலத்து கேம்காரர்’ என்றொரு இனம் உண்டு. ஹட்டனில் இந்த இனத்துக்குப் பஞ்சமே இல்லை. உங்கள் பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் போதும்; தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்று, “இதெல்லாம் ஒரு கேமா?” என்று பெருமூச்சு விட்டு, தொண்ணூற்றைந்தில் கேம் கெசட்டை வாயால் ஊதிப் பெட்டியில் செருகி, ஒரே லைஃபில் எட்டாவது கட்டம்வரை போன கதையைத் தொடங்கி, கேட்பவர் கொட்டாவி விட்டாலும் விடாமல், “கரண்ட் மட்டும் போகாம இருந்திருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பேன்” என்றுதான் நிறுத்துவார். எத்தனை தடவை கேட்டாலும் கரண்ட் அதே இடத்தில்தான் போகும்.

பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் சிவகரனையே பாருங்களேன். இரண்டாயிரத்து ஏழில் மகள் கேஷிகா புது கேம் பெட்டி ஒன்று கேட்டாள். மனிதர் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா?

“என் பழைய கேம முழுசா முடிச்சுக் காட்டுறேன். முடிக்காட்டி புதுசு வாங்கித் தாரேன்” என்றார், மனைவி சண்முகவடிவு சாட்சியாக.

அலமாரி மேலிருந்து பெட்டி இறங்கியது. கெசட்டை ஊதினார். உதறினார். மறுபடி ஊதினார். படம் வந்தது. ஐயோ, அந்தப் படம்! இத்தனை வருஷமாக அவர் மனத்தில் அடர்ந்து கிடந்த காடு நாலைந்து பச்சைக் கட்டங்களாகச் சுருங்கியிருந்தது. நடுவே சவர்க்காரக் கட்டி மாதிரி ஏதோ ஒன்று நின்றது.

“யாருப்பா இது?”

“வீரன்.”

“மொகம் எங்க?”

“மொகமெல்லாம் நாமளே நெனச்சுக்கணும்!”

வீரன் ஓடினான். முதல் குழியிலேயே விழுந்தான். அடுத்த லைஃபிலும் அதே குழி. மிச்சம் ஒன்றே ஒன்று. வெளியே மழை கொட்டியது, இடி இடித்தது. சிவகரன் டீவியை விட்டுவிட்டுத் தலைக்கு மேலே எரிந்த பல்பையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். நாலு தூறல் விழுந்தாலே இருண்டுவிடும் ஊரில், அன்றைக்கென்று பார்த்து அது கண்சிமிட்டக்கூட இல்லை. வீரன் குழிக்குள் போய்ச் சேர்ந்தான்.

“என்னங்க, கரண்ட் இருக்குதே?” என்றார் சண்முகவடிவு.

“என்னா கரண்ட்டு! அந்தக் காலத்துக் கரண்ட்டு மாதிரி வருமா?”

கேஷிகாவுக்குப் புதுப் பெட்டி வந்துவிட்டது. சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நீங்களும் ஏதோ ஒன்றை அந்தக் காலத்திலேயே முடித்திருப்பீர்கள், கரண்ட் மட்டும் போகாமல் இருந்திருந்தால். அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட அலமாரியிலிருந்து இறக்குவதானால் ஒன்று சொல்கிறேன்: மழையை நம்பி இறக்காதீர்கள்.