பதினேழு என்ற மீட்டரும் பெரிலின் சிரிப்பும்

வாரிங்டேல், விக்டோரியா
மார்ச் 1961

மதிப்பிற்குரிய மச்சான் ஆர்த்தர் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கை பெரிலும் ஆடுகளும் நலம். அங்கே மேவிஸ் அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நிற்க. பொருட்காட்சியின் புகைப்படப் பிரிவுக்கு நீங்கள் தலைவர். லிண்ட்சே ப்ரூயிட்டுக்குத் தந்த முதல் பரிசை உடனே பிடுங்கிவிட வேண்டுகிறேன்.

பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம், வயிறு எரிகிறது. எங்கள் கேமரா சங்கத்துக்கு அவன் வந்ததே இந்த வருஷம்தான், அதற்குள் பெரில் அவனுக்கென்று லாமிங்டன் கேக் செய்கிறாள், எனக்குக் காய்ந்த பிஸ்கட். போட்டிக்காக நாங்கள் இருவருமே கம்பளி கத்தரிக்கும் கொட்டகை வாசலில் அவளை நிறுத்திப் படம் எடுத்தோம். நான் முறைப்படி வெளிச்சம் அளக்கும் மீட்டரை அவள் மூக்கருகே பிடித்தேன், பதினேழு என்றது, கேமரா வளையத்தைப் பதினேழுக்குத் திருப்பினேன். எண் ஏற ஏற கேமரா வெளிச்சத்தைக் குறைத்து வாங்கும், உங்களுக்குத் தெரியாததா. லிண்ட்சே மீட்டரைத் தொடவே இல்லை, வானத்தைப் பார்த்தான், "பதினாலு" என்றான்.

"பதினேழுடா" என்றேன்.

"பதினேழுன்னா சூரியன் நம்ம கொட்டகைக் கூரையில வந்து உக்காந்திருக்கணும், க்ளைவ்."

நான் மீட்டரைத் தட்டினேன், குலுக்கினேன், ஊதினேன், திட்டினேன். அதற்குள் அவன் எடுத்துவிட்டான். அவன் படத்தில் பெரில் அப்படிச் சிரிக்கிறாள், கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை. என் படத்தில் கரி மூட்டைக்குத் தொப்பி வைத்ததுபோல் நிற்கிறாள். போன மாதம் வேகமான ஃபிலிமுக்காக மீட்டரில் வைத்த நானூறு என்ற வேக எண்ணை இந்த ஃபிலிமுக்குரிய ஐம்பதுக்கு மாற்ற மறந்தேன், அது வேற விஷயம், அதை விடுங்க. ஒருத்தன் மீட்டரே இல்லாம அடுத்தவன் பெண்டாட்டியை அப்படிச் சிரிக்க வைக்கலாமா, இதுக்குப் பரிசு வேறயா?

மேவிஸ் அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். கர்த்தர் உங்கள் குடும்பத்தைக் குறைவின்றிக் காக்கட்டும்.

இப்படிக்கு, தங்கள் மாப்பிள்ளை,
க்ளைவ் ஹார்ட்டிகன்

பி.கு.: உறையில் போடும் முன் பெரில் பிடுங்கிப் படித்துவிட்டாள். "நான் லிண்ட்சேயப் பாத்தா சிரிச்சேன்? அவருக்குப் பின்னால நின்னு மீட்டர்கிட்ட சண்டை போட்டீங்களே, உங்களைப் பாத்துதான்" என்றாள். பரிசு அவனிடமே இருக்கட்டும், மச்சான். அந்தப் படத்தில் மட்டும் பெரிசாக ஒரு பிரதி போட்டுத் தரச் சொல்லி நீங்களே அவனிடம் கேளுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.