கரண்டுக்குக் கடிக்கக் கற்றுக்கொடுத்தவர்

இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை அது இருக்க வேண்டும் என்று கடிகாரக்காரர் ஒரு திங்கட்கிழமை காலை முடிவு செய்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் மனைவி எதை வைத்துக்கொள்வார் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அது என்பது நாலு மாத நாய்க்குட்டி. ஓடுகிற ஓட்டத்தையும் தொட்டால் கிடைக்கிற அதிர்ச்சியையும் பார்த்து, கரண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். மனைவியின் அண்ணன் கொடுத்தது. மனைவி குழந்தைகள் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவர். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும், கடிகாரக்காரரும் அப்படித்தான். பதினாறு வருஷக் குடித்தனத்தில் டீச்சர் அவரை ஒருமுறைகூட 'என் செல்லம்' என்றதில்லை. கரண்டு அதை முதல் பத்து நிமிஷத்தில் வாங்கிவிட்டது.

"டீச்சர், கட்டைவிரலைக் கடிச்சிடுச்சு, பாரு!"

"கையை இழுத்தீங்களா?"

"இழுக்காம? தட்டுல வெச்சுக் குடுக்கணுமா?"

"இழுத்தா விளையாட்டுன்னு நினைச்சுக்கும். பல்லு பட்டதும் விளையாட்டை நிறுத்திட்டுத் திரும்பி நின்னுடணும்னு நாய் டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

"சரி, எனக்கு மருந்து போடு."

"இருங்க. பல்லு முளைக்கிற நேரம், அதுக்கு ஈறு வலிக்குதோ என்னமோ, பாத்துட்டு வர்றேன்."

டீச்சர் போனவர் போனவர்தான். கடிகாரக்காரர் தன் விரலுக்குத் தானே மருந்து போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். சோபாவில் அவருடைய இடத்தில் கரண்டு மல்லாந்து கிடந்தது. டீச்சர் அதன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் எங்க உக்கார்றது?"

"சத்தம் போடாதீங்க, இப்பத்தான் கண்ணை மூடுது."

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை உங்கண்ணன் வர்றாரே. கையை நீட்டச் சொல்வோம். இது கடிச்சா, அவரே திருப்பிக் கூட்டிட்டுப் போயிடணும்."

டீச்சரின் கை வயிற்றின் மேலேயே நின்றுவிட்டது.

"கடிக்கலைன்னா?"

"நீ சொல்றதைக் கேக்கறேன்."

"தினமும் கேக்கறதுதானே?"

"மறுபேச்சு இல்லாமக் கேக்கறேன், போதுமா?"

"சரி" என்றார் டீச்சர், மெதுவாக.

செவ்வாய்க்கிழமை எட்டரை மணிக்கு டீச்சர் பள்ளிக்கூடம் கிளம்பினார். எட்டு முப்பத்தொன்றுக்குக் கடிகாரக்காரர் கதவைச் சாத்தினார். தன்னுடைய கம்பளிச் சாக்ஸ் ஒன்றை எடுத்து, நுனியில் முடிச்சுப் போட்டு, கரண்டின் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"கடிடா ராஜா! இன்னும் நல்லா! உங்க மாமா கையின்னு நினைச்சுக்க!"

அடுத்த அரைமணி நேரம் அந்த அறையில் எது நாய், எது ஆள் என்று சொல்வது கஷ்டம். ஸ்டூல் உருண்டது. திரைச்சீலை பாதி இறங்கியது.

அவருக்கு ஒரே ஒரு கவலை. விரல். எள்ளளவு திருகாணிகளை எடுத்து மாட்டுகிற விரல்கள். அதில் ஒன்று போனாலும் பிழைப்பு போச்சு. அதனால் பல் லேசாகப் பட்டால்கூட, "ஐயோ, என் விரல்!" என்று சாக்ஸைக் கீழே போட்டுவிடுவார். இரண்டு கைகளையும் கக்கத்தில் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார். நெஞ்சு படபடப்பு அடங்க இருபது வரை எண்ணுவார். ஆட்டம் ஏன் நின்றது என்று புரியாமல் கரண்டு விழிக்கும். பிறகு மறுபடியும் ஆட்டம்.

ஆடி முடித்ததும் குட்டி மத்தியானம் வரை அடித்துப்போட்டாற்போல் தூங்கியது. கனவில்கூடக் கடித்துப் பழகுகிறது என்று அவருக்குச் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை ஒரு விஷயத்தைக் கவனித்தார். அன்று ஒருமுறைகூடச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டிவரவில்லை. பயல் குறி பார்த்துக் கடிக்கக் கற்றுக்கொண்டான் என்று பெருமைப்பட்டார். சாயங்காலங்களில் அது சாதுவாகப் படுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பலத்தைச் சேர்த்துவைக்கிறது என்று கணக்குப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். கையில் துணி போட்டு மூடிய பெரிய கூடை. குட்டியைத் தூக்கிப் போகக் கூடையோடே வந்துவிட்டார்! கடிகாரக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"வாங்க மச்சான், வாங்க வாங்க! கையை நீட்டுங்க, குட்டி ஆசையா வரும்!"

அண்ணன் கையை நீட்டினார். கரண்டு பாய்ந்து வந்தது. விரலை வாயில் வாங்கியது. குட்டி ஒரு விநாடி யோசித்தது. விரலை விட்டது. உட்கார்ந்தது.

"நல்லா ஆட்டுங்க மச்சான்! ரெண்டு கையையும்!"

அண்ணன் ஆட்டினார். கரண்டு நக்கியது.

கடிகாரக்காரருக்குப் பொறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சாக்ஸை உருவி நீட்டினார். "இதை ஆட்டிப் பாருங்க!"

கரண்டு சாக்ஸைக் கவ்வி இழுத்தது. அண்ணனின் விரல் பல்லுக்குப் பக்கத்தில் வந்ததும், சாக்ஸை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தது.

"அடேயப்பா! எப்படி மாப்பிள்ளை பழக்கினீங்க?"

"நானா? நான் எங்க..."

"ரொம்பத்தான் அடக்கம்" என்றார் டீச்சர். அவர் கண் கலங்கியிருந்தது. "செவ்வாய்க்கிழமை மூக்குக்கண்ணாடியை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். ஜன்னல் வழியாப் பாத்தேன். பல்லு பட்டதும் கையைக் கட்டிட்டு, சுவரைப் பாத்துட்டு, இருபது வரைக்கும் எண்ணிட்டு நிக்கறீங்க! டாக்டர் சொன்னதை எழுத்து பிசகாமச் செய்யறீங்க. எனக்கே அந்தப் பொறுமை இல்லை."

உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் நாய் போகாது. கடிகாரக்காரர் கீழே கிடந்த சாக்ஸை எடுத்துப் பைக்குள் திணித்தார்.

"ஏதோ, நம்மால முடிஞ்சது."

"அதான் அன்னிக்கே அண்ணனுக்குப் போன் பண்ணிட்டேன். மறுபேச்சு இல்லாமன்னு நீங்கதானே சொன்னீங்க?"

டீச்சர் கூடையின் துணியை விலக்கினார். உள்ளேயிருந்து ஏதோ உறுமியது.

"இது கரண்டோட தம்பி, மாப்பிள்ளை" என்றார் அண்ணன். "எங்க வீட்டுல ஒருத்தர் கையையும் விட்டுவைக்கலை. ஒரு வாரம் போதுமா உங்களுக்கு?"

கடிகாரக்காரர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், அவருடைய சுண்டுவிரல் அதன் வாய்க்குள் இருந்தது.