மாபெரும் வடக்கு மதிலும் மூன்று கொத்தளங்களும்

எந்தப் பரீட்சையும் எழுதாமல், எந்தத் தகுதியும் இல்லாமல், ஒரே நாளில் ஒருவனுக்குக் கிடைக்கிற பெரிய பதவி ஒன்று நம் ஊரில் உண்டு. மாப்பிள்ளை. தாலி கட்டின மறுநிமிஷத்திலிருந்து ஒரு வீட்டில் நாம் உட்கார்ந்தால் ஃபேன் நம் பக்கம் திரும்பும். நாம் சொன்னால் மழை வரும் என்பார்கள். வராவிட்டால் மழையின் மேல்தான் கோபப்படுவார்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஒன்றரை வருஷம் அந்தப் பதவியில் நான் அசைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எப்படி இறங்கினேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். (என் மனைவி ஏற்கெனவே பல பேரிடம் சொல்லிவிட்டாள். அவள் சொல்வதில் கொஞ்சம் மிகை உண்டு. அதிகமில்லை.)

அப்போது சேலையூரில் குடியிருந்தேன். தாம்பரத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் உதவியாளர் வேலை. மாமனார் வீடு ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி உள்ளே போகவேண்டிய கிராமம். மாமனாருக்கு நிலபுலன் நிறைய. அவருடைய மகன் ஏழுமலை, என் மனைவி கஸ்தூரியின் தம்பி, ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமென்ட் கடை வைத்திருந்தான். அவர்கள் பத்து தலைமுறையாக அந்த மண்ணில் இருப்பவர்கள். நான் பி.ஏ. படித்தவன். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

அந்தச் சமயம் பார்த்து எனக்குக் கோட்டைப் பைத்தியம் பிடித்திருந்தது. கிளை நூலகத்தில் பழைய கோட்டைகளைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்திருந்தேன். முதல் நாற்பது பக்கம்தான் இருந்தது, மீதியை யாரோ கிழித்துவிட்டார்கள். நாற்பது பக்கம் போதாதா? கொத்தளம், அகழி, சாந்து, பீரங்கி மேடு என்று அலுவலகத்தில் வாய் ஓயாமல் பேசினேன். டீ குடிக்க என்னோடு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

மாமனார் ஊருக்குப் பின்னால் ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று. அதன் மேலே யாரோ ஒரு பாளையக்காரர் கட்டிய பழைய மதில் இடிந்து, முள் மண்டிக் கிடந்தது. யாரும் செப்பனிடவில்லை, யாரும் போய்ப் பார்ப்பதும் இல்லை. கேட்டதுமே எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான்கு பேர் பார்த்த கோட்டையை ஐந்தாவது ஆளாகப் பார்ப்பதில் என்ன பெருமை? யாரும் நடக்காத மதிலை முழுசாக நடந்து, அளந்து, படம் போட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் தேர்ந்தெடுத்த நாள்தான் விசேஷம். தை மாதம், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை பத்தரை மணிக்கு ஏழுமலைக்குப் பெண் கொடுக்கக் காட்டாங்குளத்தூரிலிருந்து வருகிறார்கள். பெண்ணின் அப்பா அங்கே ஒரு கல்லூரியில் ஆபீஸ் சூப்பரிண்டெண்ட். வீட்டைப் பார்த்து, பிடித்திருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. பன்னிரண்டுக்கு எமகண்டம் பிறந்துவிடும், அதற்கு முன் முடிக்க வேண்டும். இதற்குமுன் இரண்டு இடம் கைகூடி வந்து தட்டிப்போனதால் மாமியார் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஏழுமலையோ பெண்ணின் போட்டோவைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். (சலவைக்குப் போட்ட சட்டையிலிருந்து கஸ்தூரிதான் எடுத்துக் கொடுத்தாள்.)

"ஆறு மணிக்குக் கிளம்பினா ஒன்பதுக்குள்ள வந்துடலாம்" என்றேன் நான்.

மாமனார் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். "நீங்க சொன்னா சரிதான் மாப்ள" என்றார். வீட்டு மாப்பிள்ளை இல்லாமல் தட்டு மாற்றுவது மரியாதை இல்லை, அவனைத் தனியாகக் கரட்டுக்கு அனுப்புவதும் மரியாதை இல்லை. ஆகவே அப்பாவும் மகனும் என்னோடு கிளம்பினார்கள்.

நான் கான்வாஸ் ஷூ, முழுக்கால் சட்டை, கழுத்தில் கயிறு கட்டிய திசைகாட்டி. தாம்பரம் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் வாங்கியது. அது சரியாக என் பெல்ட்டின் பெரிய இரும்புக் கொக்கிக்கு நேரே தொங்கியது. மாமனார் வேட்டியும் ரப்பர் செருப்பும். ஏழுமலை கையில் தண்ணீர்க் கூஜாவும் இட்லிப் பொட்டலமும்.

முதல் ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி நான் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது நிஜமான மதில். ஆள் உயரத்துக்குக் கருங்கல், இடையிடையே சரிந்து, கல்லுக்குள் வேர் விட்டு ஆலங்கன்று. கீழே பனிமூட்டத்துக்குள் ரயில் போகிற சத்தம். உண்மையிலேயே அழகாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

மதில் சரிவில் இறங்கி, கீழே முட்புதருக்குள் மறைந்தது. மாமனார் நின்றார். "மாப்ள, இதோட..." என்று ஆரம்பித்தார்.

"உஷ்!" என்று கையைத் தூக்கினேன். ஐம்பதடி தள்ளி, சப்பாத்திக் கள்ளிக்கும் கருவேலத்துக்கும் நடுவே இன்னொரு கல்சுவர் தெரிந்தது. "அதோ! மதில் தொடர்கிறது!"

அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சுவரை ஒட்டி நடக்க ஆரம்பித்தோம். ஐம்பது அடிக்கு ஒருமுறை நான் நின்று நோட்டில் படம் போட்டேன். திசைகாட்டியைப் பார்த்தேன். வடக்கு. நேர் வடக்கு. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்ளும் என்னோடு விசுவாசமாகத் திரும்பி, நான் வடக்கேதான் போகிறேன் என்றது. சூரியன் கொஞ்ச நேரம் முகத்தில் அடித்தது, கொஞ்ச நேரம் முதுகில் அடித்தது. அது சூரியன் செய்த தவறு என்று விட்டுவிட்டேன்.

ஓரிடத்தில் கல் இடுக்கில் சாந்து பூசியிருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். "சுண்ணாம்பு, வெல்லம், கடுக்காய் சேர்த்து அரைச்சது. முந்நூறு வருஷமாவது இருக்கும். நீங்களும் பாருங்க மாமா."

அந்த மனுஷர் மறுக்காமல் வாங்கி நாக்கில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். "ஆமா மாப்ள. லேசா தித்திப்புகூட கீது" என்றார். சிமென்ட் கடைக்காரனான ஏழுமலை வேறு பக்கம் திரும்பி இருமினான்.

அப்புறம் வட்டமாக ஒரு கல்மேடு வந்தது. "கொத்தளம்!" என்று கத்தினேன். அதையடுத்து ஓர் உடைந்த வாசல். குறித்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் முள்ளோடு மல்லுக்கட்டி நடந்தால் இன்னொரு கொத்தளம், இன்னொரு வாசல். முதல் கொத்தளத்திலிருந்து என் காலடிக் கணக்கில் எத்தனை அடி என்று பார்த்தேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் மூன்றாவது கொத்தளம் வந்தது. அதே இடைவெளி! அந்தக் காலத்துப் போர்ப் பொறியியலை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகக் கலங்கியது.

"மாமா, இந்த எடம் எங்கியோ பாத்தா மாதிரி கீது" என்றான் ஏழுமலை மெதுவாக.

"கோட்டைன்னாலே அப்படித்தான் ஏழுமலை. எதிரி குழம்பணும்னே எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கட்டுவாங்க."

"மணி பத்து ஆவுது மாமா."

"சரித்திரம் முந்நூறு வருஷமா காத்துக்கிட்டிருக்கு. அவங்க ஒரு மணி நேரம் காத்திருக்க மாட்டாங்களா?" என்றேன். இதைச் சொன்னவன் நான்தான். அந்த வாயை இப்போது நினைத்தால் ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

மாமனாரின் செருப்பில் முள் ஏறி, அவர் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து நடந்துகொண்டிருந்தார். நான் நான்காவது கொத்தளத்தை நோக்கி முன்னேறினேன்.

அப்போதுதான் பூங்காவனம் அம்மாள் பேசினாள். அந்த ஊரில் ஆடு மேய்ப்பவள். காலையிலிருந்து ஒரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு நான் மாப்பிள்ளை இல்லை என்பதால் வாய் தாராளமாகத் திறந்தது.

"இன்னாண்ணா, வேண்டுதலா?" என்றாள் மாமனாரிடம். "காலைலேர்ந்து உன் தோப்ப நீயே மூணு சுத்து சுத்திட்ட. சாமிதான் காணோம்."

நான் நின்றேன். "தோப்பா? எந்தத் தோப்பு?"

மாமனார் தரையைப் பார்த்தார். "நம்ம முந்திரித் தோப்புதான் மாப்ள."

"அப்ப இந்த மதில்?"

"ஆடு பூந்துடுதுன்னு நான்தான் கட்னேன். கஸ்தூரி பொறந்த வருசம். கல்லு பாதி அந்தக் கோட்டையுதுதான்" என்று எனக்கு ஆறுதலாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்.

"கொத்தளம்?"

"மோட்டார் ரூமு. இடிஞ்சிபோச்சி."

"ஏன் மாமா சொல்லலை?"

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "நீங்க மாப்ள. உங்கள்ட்ட போய் எப்டி சொல்றது?" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

மணி பதினொன்றே கால். ஓடினோம். மாமனார் நொண்டிக்கொண்டே ஓடினார். வீட்டுக்குள் நுழையும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. கூடத்தில் காட்டாங்குளத்தூர்க்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் சுவரோடு சுவராக நின்றார். மாப்பிள்ளைப் பையன் ஏழுமலை உள்ளே வந்தான்: கிழிந்த சட்டை, கன்னத்தில் கீறல், தலையில் கருவேலம் இலை.

பெண்ணின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எங்கே போயிருந்தீங்க தம்பி?"

ஏழுமலை என்னைப் பார்க்கவே இல்லை. "தோப்புப் பக்கம் போனோம் சார். வழி தப்பிடுச்சி. என் தப்புதான்."

"யாரு தோப்பு?"

"எங்க தோப்பு சார்."

"எத்தனை வருஷமா?"

"பொறந்ததுலேர்ந்து சார்."

அவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சொந்தத் தோப்பில் வழி தெரியாதவனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று அந்தப் பார்வையிலேயே எழுதியிருந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தேன். ஒரு லேஸை எவ்வளவு நேரம் அவிழ்க்க முடியுமோ அவ்வளவு நேரம் அவிழ்த்தேன். நான்தான் காரணம் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். என் பதவி போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த லேஸை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சமையலறையிலிருந்து கஸ்தூரி வந்தாள். நேராக என்னிடம் வந்து, சட்டைப்பையிலிருந்த நோட்டைப் பிடுங்கி, பெண்ணின் அப்பாவிடம் நீட்டினாள்.

"ஐயா, வழி தப்பினது என் தம்பி இல்ல. இவரு. வேணும்னா படிச்சிப் பாருங்க."

"கஸ்தூரி! மாப்பிள்ளைய..." என்று மாமியார் பதறினார்.

"மாப்பிள்ளைதான். அதுக்காக என் தம்பி வாழ்க்கை போவணுமா?"

சூப்பரிண்டெண்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஃபைல் படிக்கிற குரலில், ஒரு வரி விடாமல், எல்லார் காதிலும் விழுகிற மாதிரிப் படித்தார். "மாபெரும் வடக்கு மதில். கொத்தளம் ஒன்று. கொத்தளம் இரண்டு. கொத்தளம் மூன்று. சம இடைவெளி, அடைப்புக்குறிக்குள் அபாரம், ஆச்சரியக்குறி. சாந்தின் சுவை, இனிப்பு."

படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் வித்தியாசம் இல்லை. அப்புறம் ஏழுமலையைக் கேட்டார். "உனக்கு எப்ப தெரியும்?"

"மொத சுத்துலியே தெரியும் சார்."

"இன்னைக்குத் தட்டு மாத்தறோம்னு தெரியுமில்ல? அப்புறம் எதுக்கு இன்னும் ரெண்டு சுத்து?"

"மணியப் பாத்துகினேதான் சார் இருந்தேன். ஆனா மாமா பேசிகினே வந்தாரு. அவ்ளோ சந்தோசமா கீறாரு. எப்டி சார் நிறுத்தறது?"

பெண்ணின் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "என்னங்க, துண்டைக் கீழ வையுங்க. இந்த மாதிரிப் பிள்ளையை விட்டுட்டு வேற எங்க போய்த் தேடப்போறீங்க?"

அதற்குள் எமகண்டம் பிறந்துவிட்டது. பரவாயில்லை என்று சாப்பிட்டார்கள், எல்லாரும் இரண்டு தடவை பாயசம் வாங்கினார்கள். ஒன்றரை மணிக்கு மேல் தட்டு மாற்றினார்கள். மாற்றும்போது பெண்ணின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "உங்க மாப்பிள்ளை நடுவுல உட்காரட்டும். முடியற வரைக்கும் எழுந்து எங்கேயும் போக வேண்டாம்."

நான் உட்கார்ந்தேன். ஃபேன் அன்றைக்கு என் பக்கம் திரும்பவில்லை.

கல்யாணம் வைகாசியில், தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில். ஏழுமலை பெண்ணின் கையைப் பிடித்து அக்கினியைச் சுற்றி வந்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவது சுற்று முடிந்ததும் சூப்பரிண்டெண்ட் குறுக்கே கையை நீட்டினார். "போதும் மாப்பிள்ளை. இதுக்கு மேல சுத்தறது உங்க மாமா வேலை." நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மாமனார்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவர் மனம் விட்டுச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். ஒன்றரை வருஷமாக எனக்கு மரியாதை கொடுத்தே மனுஷர் களைத்துப்போயிருக்கிறார்.

இன்றுவரை எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும், மூன்றாவது சுற்று முடிகிற நேரத்தில் மண்டபமே திரும்பி என்னைப் பார்க்கிறது. கஸ்தூரிதான் முதலில் திரும்புவாள். போன மாதம் ஏழுமலையின் மகள் கல்யாணத்திலும் அப்படித்தான். பந்திக்கு இடம் பிடிக்கப் போகிறவன் மாதிரி எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தேன்.

பின்னாலிருந்து ஏழுமலையின் குரல் கேட்டது. தலை நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"மாமா, பந்தி அந்தப் பக்கம் இல்ல."

இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறான்.