ஏர்பேக் விளக்கு சம்பந்தமாக மைத்துனருக்கு

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம். அங்கே உங்கள் ரத்த அழுத்தமும் வீட்டில் அவர்களுடைய முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்குப் பேத்தி பிறந்த செய்தியை உங்கள் தங்கை போனில் சொல்லியிருப்பாள். நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. மூன்று வருஷத்துக்கு முன் நீங்கள் எனக்குக் கொடுத்த காரைப் பற்றி.

போன திங்கட்கிழமை, குழந்தை பிறந்த மறுநாள், நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி தெருமுனை தாண்டவில்லை, ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதில் ஒரு ஆள் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவன் வயிற்றுக்கு முன்னால் பெரிய உருண்டை. இது என்ன கூத்து என்று நான் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்குள் உங்கள் தங்கை, "சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கும்போது உங்கள போட்டோ புடிச்சுப் போட்டிருக்காங்க" என்றாள். காரோடு வந்த புத்தகத்தைப் புரட்டினால், அது ஏர்பேக் எச்சரிக்கை விளக்காம். அணையாமல் எரிந்தால், எங்காவது மோதும்போது பை விரியாமல் போகலாமாம். படித்ததும் அவள் சிரிப்பு நின்றது. "வெள்ளிக்கிழமை பொண்ணையும் குழந்தையையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். இந்த லைட்டோட அவங்கள ஏத்தக் கூடாது. அணைக்க முடியலன்னா சொல்லுங்க, சம்பந்தி கார்ல வந்துக்கறோம்" என்றாள். சம்பந்தி கார்! முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். ஓரத்தில் சிவப்புக் குறி கிடந்தால் சரிசெய்யாமல் அடுத்த பக்கம் போனதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அணைத்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுப் பல் டாக்டர், "பேட்டரியப் புடுங்கி வெச்சுட்டு திரும்ப மாட்டுங்க சார், தானா சரியாயிடும்" என்றார். பிடுங்குவது அவருடைய தொழிலாயிற்றே என்று நம்பினேன். மாட்டிய பிறகு விளக்கு முன்னைவிடத் தெளிவாக எரிந்தது. கடிகாரம் பன்னிரண்டு மணியில் நின்றுவிட்டது. ரேடியோவோ நான்கு இலக்க ரகசிய எண் சொன்னால்தான் பாடுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறது. அந்த எண் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் பதிலில் எழுதவும்.

புதன்கிழமை மெயின் ரோட்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வண்டியில் செருகினார். அதில் ஏதோ எண் வந்தது. அதை ஏறெடுத்தும் பார்க்காமல், "நூறு வண்டில தொண்ணூறு வண்டிக்கு ஸ்டியரிங்குக்குள்ள இருக்கற சுருள் ஒயர்தான் சார் போயிருக்கும்" என்று பிரித்துப் புதிதாக ஒன்றைப் போட்டார். நம்முடையது மிச்சப் பத்தில் ஒன்று. விளக்கு அணையவில்லை, புதிதாக இன்னொரு கோளாறு சேர்ந்தது, என்னவென்றால், இடது பக்கம் திருப்பினால் போதும், ஹாரன் தானாக அலறும். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது, ஒரு சைக்கிள்காரர் இறங்கியே நின்றுவிட்டார், எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய், சரி, இனி வலதுபக்கம் மட்டும் திரும்பி வீடு போய்ச் சேருவோம் என்று முடிவெடுத்து, சுற்றிச் சுற்றி ஒரே சலூனை மூன்று தடவை கடந்தேன். மூன்றாவது தடவை சலூன்காரர் வெளியே வந்து, "சார், நாற்காலி காலியாத்தான் இருக்கு, வாங்க" என்றார். வெட்கத்தில் இறங்கி முடி வெட்டிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை மெக்கானிக்கிடம் போய்க் கேட்டால், "ஹாரன் அடிக்குதுல்ல? அடிக்கலன்னாதான சார் பிரச்சினை?" என்கிறார்.

வியாழக்கிழமை உங்கள் தங்கையே என்னோடு கிளம்பினாள். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வயரிங் வேலை மட்டும் செய்கிற ஒரு அம்மா இருக்கிறார். அவர் வண்டியைத் தொடவேயில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"முதல்ல எரிஞ்ச அன்னிக்குப் பக்கத்து சீட்ல யாரு?"

"நான்தான்" என்றாள் உங்கள் தங்கை.

"சீட்ட நகத்தினீங்களா?"

"மடில துணிமூட்டை இருந்துச்சு, கால் நீட்ட இடமில்ல. பின்னால தள்ளினேன். எதுலயோ சிக்குச்சு. இன்னொரு இடி இடிச்சேன், போயிடுச்சு."

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தார். "மிச்ச கரண்ட் அடங்கணும். அவசரப்பட்டா பை மூஞ்சில வெடிக்கும்" என்றார். அப்புறம்தான் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். மஞ்சள் நிறத்தில் ஒரு பிளக், ஏர்பேக்குக்குப் போகிற ஒயருடையது, பாதி கழன்று தொங்குகிறது. அதைக் கழற்றியது எது தெரியுமா? சீட் நகரும் தண்டவாளத்துக்கும் ஒயருக்கும் நடுவில் குறுக்கே கிடந்த இன்னொரு டார்ச். நீளமான எவர்சில்வர் டார்ச்!

மைத்துனரே, இந்த இடத்தில் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள். காரை நான் எடுத்துவந்த அன்று உங்கள் அலமாரியிலிருந்து டார்ச் காணாமல் போனது. "அவர் கை பட்டா டார்ச்சுக்கும் கால் முளைக்கும்" என்று பதினோரு பேர் முன்னால் சொன்னீர்கள். அன்றிலிருந்து நீங்கள் போன் செய்தால் நான் ஒரு வார்த்தை பேசாமல் உங்கள் தங்கையிடம் நீட்டிவிடுகிறேன். உங்கள் காருக்குள் நீங்களே போட்டுவிட்டு என் தலையில் கட்டினீர்களே, நியாயமா? அந்தப் பதினோரு பேருக்கும் நீங்கள் தனித்தனியாகப் போன் செய்து சொல்ல வேண்டும். டார்ச்சை நாளைக்கே பார்சலில் அனுப்புகிறேன்.

அந்த அம்மா பிளக்கைத் துடைத்து அழுத்தினார். டக் என்று சத்தம் கேட்டது. ஹாரனையும் சரிசெய்தார். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் மகளும் குழந்தையும் பின்சீட்டில் ஏறினார்கள், சம்பந்தி ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், நான் சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது. நானும் உங்கள் தங்கையும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு விநாடியில் அணைந்தது. நல்ல வண்டியில் அப்படித்தான் எரிந்து அணையுமாம். "ஏம்பா, ரெண்டு பேரும் மூச்சே விடல?" என்றாள் மகள். குழந்தை மட்டும் கொட்டாவி விட்டது. வழியெல்லாம் இடதுபக்கம் திரும்பிக்கொண்டே வந்தேன். ஒரு சத்தம் இல்லை.

உங்களுக்கும் வீட்டில் அவர்களுக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். நீங்கள் செய்ததை நான் மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு,
குற்றமற்ற உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: பார்சல் கட்டுவதற்காக டார்ச்சின் மூடியைத் திருகி பேட்டரியை எடுத்தேன். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. பேட்டரி மாற்றிய தேதி, போன வருஷத்தியது, என் கையெழுத்தில். உங்கள் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது போன வருஷம் நீங்க வாங்கி எங்கயோ தொலைச்சதுங்க. அண்ணனோடது மோட்டார் ரூம்ல ஆணில தொங்குது. தெனமும் அதை எடுத்துட்டுத்தானே தொட்டியில தண்ணி பாக்கறீங்க?" என்றாள். போய் எடுத்துப் பார்த்தால், அதன் அடியில் உங்கள் பெயர்கூடக் கீறியிருக்கிறது. மூன்று வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ரெண்டு பேருல யாராவது என்கிட்ட கேட்டீங்களா?" என்கிறாள். எனவே மேலே உள்ளதில் ரேடியோ எண் கேட்டதைத் தவிர மற்றதை விட்டுவிடவும். இரண்டு டார்ச்சையும் ஒன்றாகக் கட்டி அனுப்புகிறேன். உங்களுடையதை வைத்துக்கொண்டு என்னுடையதை நீங்களே நேரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குழந்தையையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். வராவிட்டால், என் டார்ச்சை மைத்துனர் எடுத்துக்கொண்டார் என்று அந்தப் பதினோரு பேருக்கும் நானே போன் செய்வேன்.